அண்ணாச்சி வேண்டாம் என்ற வீடுகள்

டெல்லியில் சைட் விசிட் அண்ணாச்சி அளவுக்கு வீடு பார்த்த மனிதர் கிடையாது. அந்த ஊரை ஆண்ட ராஜாக்கள்கூட இத்தனை வாசற்படி ஏறியிருக்க மாட்டார்கள். துவாரகாவில் பார்த்தார், ரோஹிணியில் பார்த்தார், யமுனைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நொய்டாவையும் தாண்டி வயல்காட்டுக்கு நடுவில் எழும்பிக்கொண்டிருந்த கோபுரங்களில் லிஃப்ட் வருவதற்கு முன்பே மூச்சு வாங்க ஏறிப் பார்த்தார். ஒன்றையும் வாங்கவில்லை. எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். அதுவும் எப்பேர்ப்பட்ட வேண்டாம்! கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவையாகப் பாயசத்தோடு வருகிறவனைப் பார்த்து இலைக்கு மேல் கையை விரித்து மறிப்போமே, அப்படி ஒரு வயிறு நிறைந்த வேண்டாம்.

எனக்கு அவர் பழக்கமானது கார் மூலமாக. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். லாரியில் கிளீனராக ஏறினேன், நாக்பூரில் ஒரு தாபாவில் தட்டுக் கழுவினேன், எங்கேயும் கால் தரிக்காமல் கடைசியில் டெல்லியில் வந்து இறங்கிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். படுக்கை காருக்குள்ளேயேதான். பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டால் நன்றாகவே தூக்கம் வரும். ஜனவரியில் மட்டும் கண்ணாடிக்கு உள்பக்கம் செய்தித்தாள் ஒட்ட வேண்டியிருக்கும்.

வீடு கட்டி விற்கிற கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்களை இலவசமாகக் காரில் ஏற்றிப்போய்க் காட்டும். அதற்குத்தான் சைட் விசிட் என்று பெயர். போகவர கார், அங்கே டீயும் சமோசாவும், கம்பெனி பெரிதாக இருந்தால் மத்தியானம் பனீரும் நான் ரொட்டியும். யாராவது வீட்டை புக் பண்ணிவிட்டால் ஓட்டிப்போன டிரைவருக்கும் கொஞ்சம் கிடைக்கும். அதனால்தான் அண்ணாச்சியை ஏற்ற எந்த டிரைவரும் சம்மதிக்கவில்லை. புதிதாக வந்தவன் என்று அவரை என் தலையில் கட்டினார்கள். "மதராஸி சவாரி. உனக்குத்தான் பாஷை தெரியுமே," என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

லக்ஷ்மிபாய் நகர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை, அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா. கையில் குடை. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. பக்கத்தில் அவர் வீட்டம்மா, புதுப் புடவையில்.

காரில் உட்கார்ந்ததும், "எந்த ஊருடே?" என்றார்.

"சங்கரன்கோயில் பக்கம், அண்ணாச்சி."

"நான் கோவில்பட்டி. இவ உன் மதினி. பேரு என்ன?"

"மாரியப்பன்."

"மாரி, ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்க. இன்னைக்கு நாம வீடு வாங்கப் போகல. பாக்கப் போறோம். ரெண்டும் வேற வேற."

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சி மத்திய அரசில் ஏதோ ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசர் வரை வந்தவர். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். வீடு பார்ப்பதை அவர் ஆபீஸ் வேலையைவிடக் கருத்தாகச் செய்தார். அதற்கு அவர் வைத்திருந்த பரீட்சைகளை எந்த என்ஜினீயரும் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

முதல் பரீட்சை சுவர். என்னைப் பக்கத்து ஃபிளாட்டில் நிறுத்திவிட்டு, இவர் இந்தப் பக்கம் நின்று சாதாரணக் குரலில் அவருடைய மேலதிகாரியைத் திட்டுவார். திட்டி முடித்ததும், "கேக்குதாடே?" என்பார்.

"நல்லாக் கேக்குது அண்ணாச்சி. அவரு சம்சாரத்தைப் பத்திச் சொன்னதுகூட."

"அப்ப வேண்டாம். நான் வீட்டுல பேசுததெல்லாம் எவனோ கேட்டுக்கிட்டு இருக்கதுக்கா லோன் போடணும்?"

கம்பெனிப் பையன் கழுத்து டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'வேண்டாம்' மட்டும் நாளடைவில் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கட்டில். கம்பெனிகள் ஆள் பார்ப்பதற்கென்று ஒரு வீட்டை மட்டும் அலங்காரம் பண்ணி வைத்திருக்கும். அதை சாம்பிள் ஃபிளாட் என்பார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி, கிண்ணத்தில் பிளாஸ்டிக் ஆப்பிள். ஒரு ஞாயிறு அந்தக் கட்டிலில் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்துவிட்டார். காலில் பாதி வெளியே தொங்கியது. அண்ணாச்சி ஒன்றும் ஆறடி ஆள் இல்லை.

"பாத்தியாடே சூட்சுமத்தை? கட்டிலைச் சின்னதாச் செஞ்சு போட்டு ரூமைப் பெருசாக் காட்டுதானுவ. இது என்ன வீடா, நவராத்திரிக் கொலுவா?"

பின்னாலேயே வந்த சர்தார்ஜி குடும்பம் அதைப் பார்த்தது. சர்தார்ஜியும் படுத்துப் பார்த்தார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எல்லாமே வெளியே. அந்த சைட்டுக்கு வந்த ஒருவர்கூட அன்று புக் பண்ணவில்லை. எனக்கும் ஒன்றும் தேறவில்லை. ஆனால் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே சமோசா தின்றதை அதற்கு முன் எந்த சைட்டிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பரீட்சை நடை. "சார், மெட்ரோ யஹான் ஸே பாஞ்ச் மினிட்," என்றான் ஒரு பையன், இங்கிருந்து ஐந்தே நிமிஷ நடை என்று. அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். வெயிலில் காரும் நாங்களும் காத்துக் கிடந்தோம். சமோசா ஆறியது, பனீர் ஆறியது. ஒருவழியாகத் திரும்பி வந்தார், பேன்ட்டில் வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி முழங்கால் வரை புழுதி.

"மெட்ரோ இருக்கா அண்ணாச்சி?"

"இருக்குடே. போர்டு இருக்கு. 'இங்கே மெட்ரோ வரும்'னு எழுதி நட்டு வச்சிருக்கான். அதுக்குக் கீழ ஒரு எருமை படுத்திருக்கு. அது எந்திரிச்சாத்தான் மெட்ரோ வரும்போல."

இதையெல்லாம் தாண்டி ஒரு விசேஷம் இருந்தது. அண்ணாச்சி வேண்டாம் என்று சொன்ன இடத்தில் விலை ஏறிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து யமுனைக்கு அந்தப் பக்கம் வீட்டு சொசைட்டி ஆரம்பித்தபோது இவரையும் கூப்பிட்டார்களாம். "ஆத்தைத் தாண்டி எவன் போவான்?" என்று கேட்டுவிட்டார். துவாரகாவில் கிடைத்தது, நரி ஊளையிடுகிறது என்று விட்டுவிட்டார். இப்போது அந்த நரிகள் ஊளையிட்ட இடத்தில் கார் நிறுத்த ஒரு இடம் வாங்குவதென்றால்கூட இவருடைய ஓய்வூதியப் பணம் மொத்தமும் போதாது. ஆனால் அண்ணாச்சிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியாது. மெட்ரோ பாலத்தின்மேல் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்து, ஏதோ தன் தோப்பைக் காட்டுகிறவர் போல, "அந்தா தெரியுதுலா மஞ்சக் கட்டடம்? நான் வேண்டாம்னு சொன்னது. அதுக்குப் பின்னால நிக்குதே ரெண்டு டவரு, அதுவும் நான் வேண்டாம்னது," என்பார். பெட்டியில் நிற்கிறவர்கள் மரியாதையாக நகர்ந்து வழிவிடுவார்கள்.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவன் பண்ட்டி என்கிற புரோக்கர். வயது முப்பதுதான் இருக்கும். கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன். அண்ணாச்சி எந்த ஏரியாவை ஒதுக்கினாலும் அங்கே போய் பண்ட்டி ஒரு மனை வாங்கிப் போட்டுவிடுவான். அப்படித்தான் ஸ்கூட்டரிலிருந்து காருக்கும், சின்னக் காரிலிருந்து பெரிய காருக்கும் மாறினான். நன்றி மறக்காதவன். தீபாவளி தவறாமல் காஜு கத்லி பெட்டியோடு வந்து அண்ணாச்சி காலைத் தொடுவான்.

"அங்கிள்ஜி, இந்த வருஷம் எந்தப் பக்கம் பிடிக்கலை?" என்று பவ்வியமாகக் கேட்பான்.

பண்ட்டிக்கு இன்னொரு திறமையும் உண்டு. அகவிலைப்படி உயர்ந்த செய்தி அண்ணாச்சிக்குத் தெரிவதற்கு முன் அவனுக்குத் தெரிந்துவிடும். பே கமிஷன் வந்தபோது சாயங்காலமே போன் பண்ணினான். அதற்குள் நான் அண்ணாச்சி வீட்டில் ஒருவன் மாதிரி ஆகியிருந்தேன், அன்றும் அங்கேதான் இருந்தேன். "அங்கிள்ஜி, முபாரக் ஹோ! உங்களுக்குச் சம்பளம் ஏறிவிட்டது." அண்ணாச்சி சந்தோஷமாக, "சரிடே, அன்னைக்குக் காட்டுனியே, அந்த வீடு?" என்று கேட்டார். "அதுவும் ஏறிவிட்டது அங்கிள்ஜி. மத்தியானமே."

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நான் மாடிப்படியில ஏறுதேன் மாரி. வீடு லிஃப்டுல ஏறுது. எந்த மாடியிலடே நாங்க ரெண்டு பேரும் சந்திக்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வருடம் சிரிப்புக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணாச்சி ரிட்டயர் ஆகப் போகிறார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். ஊருக்கே போய்விடலாம் என்று ஒருநாள் வாய்விட்டார். மதினி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? கல்யாணமான மறுமாசம் ரயில் ஏறி வந்தவ நான். ஐ.என்.ஏ மார்க்கெட்டுல என் குரல் கேட்டா மீன்காரன் தராசைத் துடைப்பான். அங்க போயி நான் யாருகூடச் சண்டை போட? என் பிள்ளை இங்கதான் இருக்கா. நானும் இங்கதான்."

பிள்ளை என்றது கோமதியை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து குர்கானில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரே மகள். தமிழ் பேசுவாள். ஆனால் நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாவைவிட அதிகச் சம்பளம் வாங்கினாள். அவளும் வீட்டு விலையைப் போனில் பார்ப்பாள், பெருமூச்சு விட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள்.

இந்த நேரத்தில்தான் பண்ட்டி தில்ஷாத் கார்டனில் ஒரு வீட்டைக் கொண்டுவந்தான். பழைய வீடு, இரண்டாம் மாடி. கீழ்வீட்டில் சொந்தக்காரரே இருந்தார், பஞ்சாபிப் பெரியவர். எல்லாரும் அவரை பாவுஜி என்பார்கள். அந்த மாடியை விற்று, அந்தப் பணத்தை வைத்துக் குர்கானில் மகனுக்கு ஒரு ஃபிளாட் வாங்குவது அவர் திட்டம். விலை, அண்ணாச்சியின் சேமிப்பையும் கோமதி போடப்போகிற லோனையும் சேர்த்தால் நூலிழையில் எட்டுகிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சி சுவர்ப் பரீட்சை வைத்தார். நான் அடுத்த வீட்டில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது. மெட்ரோவுக்கு நடந்து போனார், சொன்ன நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது.

"கொறையே இல்லடே மாரி," என்றார், டாக்டரிடம் ரிசல்ட் கேட்டுவந்தவர் மாதிரி.

மதினி அடுக்களையில் நின்று ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது.

அண்ணாச்சியின் பி.எஃப். பணம் வர இன்னும் சில நாள் இருந்தது. வந்ததும் டோக்கன் என்கிற முன்பணத்தைக் கொடுத்து விலையை எழுதி முடித்துவிடுவது என்று வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள். இங்கேதான் மார்கழி குறுக்கே வந்தது.

"மார்கழி பொறந்துட்டா தை வரைக்கும் பால் காய்ச்ச முடியாது," என்றார் மதினி. "தை வரைக்கும் இந்த வீடு நமக்குன்னு நிக்குமா? கார்த்திகை முடியுததுக்குள்ள காய்ச்சிருவோம்."

"டோக்கன் குடுக்காம எப்படிட்டீ பால் காய்ச்ச? வீடு இன்னும் அவன் வீடு."

"அவருக்கு டோக்கன் நீங்க பொறுமையாக் குடுங்க. சாமிக்கு டோக்கன் நான் இப்பவே குடுக்கேன்."

வீட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று பண்ட்டியிடம் சாவி வாங்கினார்கள். கொடுக்கும்போது அவன் காருக்குள் எட்டிப் பார்த்தான். "சிலிண்டர் எதுக்கு ஆன்ட்டிஜி?"

"சாய் போட," என்றார் மதினி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை விடிகாலை. டெல்லிப் பனிப்புகையில் முன்னால் போகிற கார் தெரியாது, அதன் சிவப்பு விளக்குதான் தெரியும். அப்படி ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். சின்ன சிலிண்டரையும் அடுப்பையும் நான் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். சத்தம் போடாமல் ஏறச் சொல்லியிருந்தார்கள். வேறு வீட்டில் திருடப் போகிறவர்கள் இவ்வளவு பயபக்தியோடு போயிருக்க மாட்டார்கள். மதினி வாசலில் குனிந்து, கை விறைக்க, ஒரு கோலம் போட்டார். குத்துவிளக்கு எரிந்தது. கிழக்குப் பார்த்து அடுப்பு. கோமதி போனில் வீடியோ எடுத்தாள். அண்ணாச்சி குரங்குக் குல்லாவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். அவருக்கு வழுக்கை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பால் பொங்கியது. மதினி குலவை போட்டார். சன்னமாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் சந்தோஷம் தொண்டையை மீறிவிட்டது. இதில் சாம்பிராணிப் புகை வேறு ஜன்னல் வழியாகக் கிளம்பியது.

அடுத்த நிமிஷம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வாசலில் பாவுஜி. பைஜாமா, கம்பளிப் போர்வை, இரண்டு கையாலும் பிடித்த ஒரு வாளித் தண்ணீர். "ஆக் லக் கயீ!" என்று கத்திக்கொண்டே வந்தவர், தீ என்று நினைத்தது விளக்காக இருப்பதைப் பார்த்து, வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"யே க்யா ஹோ ரஹா ஹை பேட்டா?"

யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். கோமதி பொறுப்பாக முன்னால் வந்து, பிறந்ததிலிருந்து பேசுகிற அழகான இந்தியில், எல்லாவற்றையும் விளக்கினாள். எங்கள் பக்கம் இது வழக்கம், அங்கிள். பால் பொங்கிவிட்டால் அந்த வீட்டில் குடியேறியதாக அர்த்தம். அதற்குப் பிறகு மனசு மாறக் கூடாது. அம்மாவுக்கு இந்த வீடு அவ்வளவு பிடித்துவிட்டது. இனி இதைத் தவிர வேறு வீட்டை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

பாவுஜிக்குக் கண் கலங்கிவிட்டது. மதினி கொடுத்த பாலை நின்றபடியே குடித்தார். "ஜீத்தே ரஹோ," என்று மூன்று பேர் தலையிலும் கை வைத்தார். பக்கத்தில் நின்றதால் என் தலைக்கும் ஆசீர்வாதம் கிடைத்தது. வாளியை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கிப் போனார்.

நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் திரும்பி இட்லி சாப்பிட உட்காரும்போது பண்ட்டி போன் பண்ணினான். குரலில் அழுகை.

"அங்கிள்ஜி, நீங்க அங்கே என்ன பண்ணினீங்க? பாவுஜி விலையை ஏத்திட்டாரு."

மறுபடியும் காரை எடுத்தேன். பாவுஜி எங்களையும், அங்கே முன்னாலேயே வந்து நின்ற பண்ட்டியையும் நேரே மாடிக்கே அழைத்துக்கொண்டு போனார். காலையில் போட்ட கோலம் அப்படியே இருந்தது, அவர் மிதிக்காமல் தாண்டித்தான் வந்தார். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். கெட்ட மனிதர் இல்லை. "நான் என்ன செய்வேன் பேட்டா? என் மகன் பார்த்த குர்கான் வீட்டுக்காரன் நேற்று ஏற்றினான். அவனுக்கு மேலே இருக்கிறவன் அவனிடம் ஏற்றியிருப்பான். எனக்கு வேறு வழி இல்லை. நீங்கள் எப்படியும் இந்த வீட்டை விட மாட்டீர்கள் என்று குழந்தை சொன்னாள்," என்றார். கோமதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். பண்ட்டி பார்த்தான், நான் பார்த்தேன். இதோ வரப்போகிறது, இலைக்கு மேல் கையை விரிக்கப் போகிறார், பாவுஜி இத்தோடு ஒழிந்தார் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி எழுந்தார். சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்து மூடினார். தாழ்ப்பாளை ஆட்டினார். அடுக்களை வரை போய், அங்கே சிந்திக் காய்ந்திருந்த பால் கறையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முடியாதுப்பா. அவ்வளவு நம்மகிட்ட இல்ல."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கோமதியும் கேட்டதில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. பண்ட்டி இரண்டு போனையும் சட்டைப்பைக்குள் போட்டான்.

அப்போது மதினி எழுந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டார். ஐ.என்.ஏ மார்க்கெட்டில் மீன்காரன் தராசைத் துடைக்கிற அந்த இந்தியில் ஆரம்பித்தார்.

"பாவுஜி, நீங்க நூறு வயசு இருக்கணும். ஆனா இந்த வீடு எங்களுக்கு வேண்டாம். இவருக்குச் சங்கோஜம், சொல்ல மாட்டேங்கிறாரு. அடுக்களை ஜன்னலைத் திறந்தா நேரா பக்கத்து வீட்டுக் குளியலறை. மாடிப்படி ஒண்ணு ஒசரம், ஒண்ணு கட்டை. எங்க வயசுக்கு முட்டி தாங்காது. காலையில பால் பொங்குனப்பப் பார்த்தேன், எல்லாம் மேற்க பாத்து ஓடுது. கிழக்க வைக்க வேண்டிய வாட்டத்தை உங்க கொத்தனார் மாத்தி வச்சிருக்காரு."

பாவுஜிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பெண்டாட்டி இந்த அடுக்களையில் ஆயுசு முழுக்கச் சமைத்தாள். ஒரு சொட்டு ஓடியதில்லை!"

"அது அவங்க கைப்பக்குவம் பாவுஜி. வீட்டோட பக்குவம் இல்ல," என்றார் மதினி.

நாங்கள் தலை நிமிர்ந்து இறங்கினோம். அண்ணாச்சி படிக்கட்டில் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே வாட்டம் தப்பாட்டீ?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பேசாம எறங்குங்க."

கார் யமுனைப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நடுவில் மதினி சொன்னார், ஜன்னலைப் பார்த்தபடியே. "நரி ஊளையிடுதுன்னீங்க. ஆத்தைத் தாண்டி எவன் போவான்னீங்க. அதையெல்லாம் நம்பித்தான் நான் பேசாம இருந்தேன்னு நெனச்சீங்களாக்கும்."

அண்ணாச்சி குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து கோமதி தலையை நீட்டினாள். "அப்பா, சச் போலூன்? உண்மையைச் சொல்லட்டுமா? சின்ன வயசுல ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் ஜம்பமா சொல்வேன். எங்கப்பா எவ்ளோ பெரிய வீடா இருந்தாலும் பசந்த் நஹீ, பிடிக்கலைன்னு சொல்லிடுவார்னு. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம், நீ அவ்ளோ அமீரான்னு கேப்பாங்க. நானும் நாம பெரிய பணக்காரங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்."

அண்ணாச்சி முதலில் மப்ளருக்குள் இருமினார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மதினியும் சிரித்தார். கோமதி அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் காரில் போனவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பாலம் முழுக்கக் கண்ணாடி மங்கலாகவே இருந்தது. பனிப்புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

தை பிறந்து, பிறகு ரிட்டயர்மென்ட்டும் வந்தது. பண்ட்டி ஒரு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தான், ஊரின் ஓரத்தில். கமிஷன் வாங்கவில்லை. வாடகை பென்ஷனில் ஒரு பெரிய கடி கடித்துவிடுகிறது, மீதியைக் கோமதி பார்த்துக்கொள்கிறாள். அவ்வப்போது வாடகை ஏறும், மதினி போய்ச் சண்டை போடுவார், கொஞ்சம் இறங்கும். தில்ஷாத் கார்டன் வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். அங்கே இப்போது விலை இன்னும் ஏறிவிட்டதாகப் பண்ட்டி சொன்னான். அண்ணாச்சி வேண்டாம் என்ற இடம் ஏறாமல் இருக்குமா என்றேன். "இதை வேண்டாம்னது நான் இல்லடே, உன் மதினி," என்று திருத்தினார்.

நானும் நடுவில் ஜெய்ப்பூர், லூதியானா என்று சுற்றிவிட்டுப் போன மழைக்காலத்தில் மறுபடி டெல்லிக்கு வந்து அதே சைட் விசிட் காரில் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறே எனக்கு அனுப்பிய சவாரி அண்ணாச்சியும் மதினியும்தான். இப்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வேண்டாம் என்கிறார்கள். சுவரும் கட்டிலும் அவர் இலாகா, அடுக்களையும் தண்ணீரும் அவர் சம்சாரத்தின் இலாகா. கம்பெனிப் பையன்களுக்கு இரட்டைத் தலைவலி.

அன்று பதினெட்டாம் மாடியில் சாம்பிள் ஃபிளாட். அண்ணாச்சி வழக்கம்போலக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். மதினி சிங்க்கைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு இரண்டு பேரும் பால்கனியில் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள், இலவச டீயோடு. மழை பெய்து கழுவிவிட்ட வானம், கண்ணுக்கு எட்டிய மட்டும் கட்டடம். மதினி எதையோ காட்டி என்னமோ சொன்னார். அண்ணாச்சி அவர் தம்ளரை வாங்கி, தன்னுடையதிலிருந்து கொஞ்சம் டீயை அதில் ஊற்றிக் கொடுத்தார்.

சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு கம்பெனிப் பையன் வந்தான். "பாய்சாப், டைம் ஹோ கயா. பூட்டணும். அவங்களைக் கூப்பிடுங்க."

நான் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு, அவன் உள்ளே போக முடியாதபடி நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் பொறு தம்பி," என்றேன். "வீட்டுக்காரங்க உள்ள இருக்காங்க."